வெற்றுச் சுவரும் ஒரு முகமும்

சிரஞ்சீவி மருமகனுக்கு ஆசிகள்.

ஒளிப்பதிவு கற்கத் தொடங்கும் எவரும் விளக்கை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன், அந்தக் காட்சியில் யார் யாரை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று யோசிப்பது நல்லது. ஏனெனில் பேச்சு ஒலிக்காத காலத்துப் படங்களில் குணத்தைச் சொல்லும் வேலை பெரும்பாலும் முகத்தில் விழும் ஒளிக்கும், அம்முகத்துக்குச் சட்டகத்தில் கொடுக்கப்பட்ட இடத்துக்கும்தான் வாய்த்தது. இதைக் கற்கக் கார்ல் டிரையர் இயக்கி 1928இல் வெளிவந்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' என்ற ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே போதும்.

1431இல் ரூவான் நகரில் நடந்த ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையே அதன் கதை. இப்படம் எடுக்கப்பட்ட காலம் வரை பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராதது. அதில் உதடும் தோலின் செம்மையும் கறுத்து விழுந்ததால் நடிகர்கள் கனத்த ஒப்பனையோடு நிற்க வேண்டியிருந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் சுருளைப் பயன்படுத்திய ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டேயால் ஒப்பனையே இல்லாத முகங்களை மிக அருகிலிருந்து எடுக்க முடிந்தது அதனால்தான். ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகத்தில் ஒளி மென்மையாகப் பரவிச் சாம்பல் நிறச் சாயல்களாகத் தங்குகிறது. நீதிபதிகளின் முகங்களிலோ அது கடுமையாக அடித்து, மருவையும் சுருக்கத்தையும் ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுக்கிறது.

கேமராவைத் தாழ்த்தி மேல்நோக்கிப் பிடிப்பது கீழ்க்கோணம் எனப்படும். அது பெருமையைக் காட்டும் என்று பாடநூல்கள் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. இப்படத்தில் அதற்காகத் தரையில் குழி தோண்டிக் கேமராவை இறக்கினார்கள் என்பது உண்மைதான், ஆனால் அங்கிருந்து தெரிவது நீதிபதியின் மேன்மையன்று, தொங்கும் தாடையும் பருத்த கழுத்துமே. கோணத்துக்கென்று நிலையான பொருள் கிடையாது. உடன் விழும் ஒளியும் பின்னால் விடப்படும் வெறுமையும் சேர்ந்துதான் பொருள் தருகின்றன. பெருஞ்செலவில் எழுப்பிய கோட்டை அரங்கத்தைப் பெரும்பாலும் காட்டாமல், வெளிறிய சுவரை மட்டும் பின்னணியாக விட்டு, ஜோனின் முகத்தைச் சட்டகத்தின் ஓரத்துக்கோ அடிப்பகுதிக்கோ டிரையர் ஒதுக்கும்போது, எஞ்சிய வெற்றிடமே அவள் தலைமேல் பாரமாக இறங்குகிறது. முதலீட்டாளர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

சிறைக்காட்சி ஒன்றைத் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். சன்னல் சட்டங்களின் நிழல் தரையில் சிலுவையாக விழுகிறது. அதைக் கண்ட ஜோனின் முகம் மலர்கிறது. அவளை ஏமாற்ற வரும் பாதிரியார் உள்ளே நுழைய, அவருடைய உருவத்தில் அச்சிலுவை மறைந்துபோகிறது. நட்பாகப் பேச வந்தவரின் உள்ளம் அவர் வாய் திறக்கும் முன்பே பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது, அதற்கு டிரையர் செலவிட்டது ஒரு சன்னலும் அதன் வழியே வரும் வெளிச்சமும் மட்டுமே.

படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகள் ஏராளமாகக் கிடைக்கும் இக்காலத்தில் மருமகன் பயிற்சிக்கு ஒரே விளக்கையும் வெள்ளையடித்த ஒரு சுவரையும் எடுத்துக்கொண்டு, ஒரே ஆளை முதலில் நீதிபதியாகவும் பிறகு கைதியாகவும், உடையையோ முகபாவத்தையோ மாற்றாமல் எடுத்துப் பார்க்கட்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த இரண்டு படங்களையும் கொண்டுவரட்டும். எது யார் என்று அத்தை பார்த்துச் சொல்லட்டும்.

ஆசிகளுடன்,
மாமா