காலிக் கட்டத்தில் இருப்பது யார்?



"பொறியியல் படிக்கிற உனக்கு சுகாதாரத் துறையில என்னடா வேலை?" என்று அத்தை கேட்டார். கடந்த விடுமுறையில் ஒரு பொதுச் சுகாதார ஆய்வுக் குழுவில் பயிற்சி மாணவனாகச் சேர்ந்திருந்தேன். என் வேலை தரவுப் பகுப்பாய்வு. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நாள் முழுக்க கணினியில் அட்டவணைதான். அங்கே கற்ற மூன்று பாடங்கள் இதோ.

1. காலி என்றால் 'ஒன்றுமில்லை' அல்ல

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். இரத்தச் சர்க்கரை அளவு எழுதும் கட்டங்கள் சில காலியாக இருந்தன. அந்த வரிசைகளை எல்லாம் நீக்கிவிட்டேன். அட்டவணை சுத்தமாகத் தெரிந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "காலியா இருக்கிறவங்க யாருன்னு பார்த்தியா தம்பி?"

பார்த்தேன். பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஆண்கள். "எனக்கு நோய் இல்லை" என்று சொல்லி விரலில் ஊசி குத்த விடாதவர்கள். அவர்களை நீக்கினால், சோதனைக்குச் சம்மதித்தவர்களின் கதையைத்தான் ஆய்வு சொல்லும்.

2. கிளினிக்குக்கு வராதவரையும் எண்ண வேண்டும்

மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வுக் குழுவினர் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிறார்கள். 2019 ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அதில் 9.4 விழுக்காட்டினருக்கு முன்பே தெரியும். மற்ற 8.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது! கிளினிக் பதிவுகளை மட்டும் நம்பியிருந்தால், ஏறக்குறைய பாதிப் பேர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

3. ஒப்பிடும் முன் வயதைப் பாருங்கள்

அதே ஆய்வில் இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. படித்ததும் பயந்துபோனேன். ஆனால் வயது கூடக் கூட இந்நோயும் கூடும். அதனால் இரு பிரிவினரை ஒப்பிடும்போது வயது வித்தியாசத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உணவு, உடலுழைப்பு, குடும்ப வழி என்று காரணங்களும் பல. எண் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். யாரைக் குறை சொல்வது என்று காட்டாது.

இந்த வேலையில் ஆர்வமா? புள்ளியியல், பைத்தான் அல்லது ஆர், கொஞ்சம் நோய்ப்பரவல் இயல்: இவற்றில் தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. என் அப்பா லாரி ஓட்டுநர். அவரும் சோதனை பக்கமே போகாதவர். அக்கா கேட்ட கேள்வி மனதை உறுத்தியது. ஒரு சனிக்கிழமை, பசியாறுவதற்கு முன்பே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். 7.0-ஐத் தொட்டாலே இனிப்பு நீர் என்பார்கள், அப்பாவுக்கு 9.2. டாக்டர் மறுபடியும் சோதித்து உறுதி செய்தார். திரும்பி வரும் வழியில் அப்பா பேசவே இல்லை. வீட்டு வாசலில் மட்டும், "அடுத்த செக்கப் எப்போ?" என்றார்.

உங்கள் வீட்டில் காலிக் கட்டத்தில் இருப்பது யார்? இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.