பூனை ஊருக்குப் போகவில்லை

அன்புள்ள மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

பூனை இறந்துவிட்டதை அம்மா தொலைபேசியில் சொன்னா. உடலை நாளைக்கு மிருக வைத்தியரிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்களாம். 5 வயதுத் தம்பிக்கு மட்டும் “பூனை ஊருக்குப் போய்விட்டது” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், உண்மையைச் சொல்கிற பொறுப்பை நீ எடுத்திருக்கிறாய் என்றும் அறிந்தேன். 13 வயதில் அதற்கு முன்வந்த உன்னை மெச்சுகிறேன்.

முதலில் அந்த ஊர்க் கதையை மாற்று. தம்பிக்கு ஊர் என்பது உண்மையான இடம். அம்மம்மா அங்கிருந்துதான் வீடியோவில் கதைக்கிறா. விமானம் ஏறினால் போகலாம், லீவு முடிந்தால் திரும்பி வரலாம். அடுத்த முறை யாழ்ப்பாணம் போனதும் அம்மம்மாவின் கட்டிலுக்கடியில் பூனையைத் தேடுவான். அதைவிட மோசம், சொல்லாமல் ஏன் போனது, நான் வாலைப் பிடித்து இழுத்ததாலா என்று இப்போதே தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாஜ் புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையான 378 பிள்ளைகளிடம் மரணம் பற்றி விசாரித்து, 1948இல் அதை வெளியிட்டார். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் செத்தவர் எங்கோ புறப்பட்டுப் போயிருக்கிறார், அங்கே ஏதோ விதமாக வாழ்கிறார் என்று நினைப்பதை அவர் கண்டார். தம்பி அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறான், அவன் மனம் இன்னும் தானாகவே அந்தப் பக்கம் சாயலாம். நாங்களும் சேர்ந்து பூனையை விமானம் ஏற்றிவிடக் கூடாது. நித்திரை கொள்கிறது என்றும் சொல்லாதே. இரவில் கண்ணை மூடப் பயப்படுவான்.

“பூனை செத்துப்போச்சு. அதுக்கு இனி மூச்சு வராது, பசிக்காது, நோகாது. திரும்பி வராது. உன்னால சாகேல்ல.” இவ்வளவும் போதும். டேனிஷில்தான் அவனுக்கு நன்றாக விளங்குமென்றால் டேனிஷிலேயே சொல்லு.

பூனை நோகாமல் சாவதற்கு வைத்தியர் போட்ட ஊசியைப் பற்றிக் கட்டாயம் கேட்பான். அது மயக்க மருந்தின் மிகப் பெரிய அளவு; முதலில் உணர்வு போய், பிறகு மூச்சும் இதயமும் நின்றுவிடும். சுகப்படுத்த முடியாத விலங்குக்கு வலி தெரியாமலிருக்கப் போடுவது அது, உனக்குப் போடும் தடுப்பூசி வேறு மருந்து என்று பிரித்துச் சொல்லு. சொல்லாவிட்டால் அடுத்த தடுப்பூசி நாளில் வீடு இரண்டுபடும்.

நீங்கள் வாழும் டென்மார்க் சாவைப் பிள்ளைகளிடம் ஒளிப்பதில்லை. 2014 பெப்ரவரியில் கொப்பன்ஹேகன் மிருகக்காட்சிசாலையில் மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்று, பார்வையாளர் முன்னிலையில் அறுத்து, சிங்கங்களுக்குப் போட்டார்கள். பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள். பல நாடுகளிலிருந்தும் கண்டனம் எழுந்தது. கொன்றது எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் செத்த உடலைப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று அவர்கள் நம்பினார்களே, அதில் நியாயம் உண்டு. தம்பிக்கு அவ்வளவு வேண்டாம். பூனையை மட்டும் பார்க்கட்டும். கண் பாதி திறந்தே இருக்கலாம், உடல் விறைத்திருக்கலாம், காது குளிர்ந்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவை. தொட விரும்பினால் தொடட்டும், மறுத்தால் வற்புறுத்தாதே.

எங்கள் முறைப்படி பூனைக்குச் சாவுத் துடக்குமில்லை, அந்தியேட்டிக் கிரியையுமில்லை. அதனால்தான் பெரியவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறது. “ஒரு பூனைக்கு இவ்வளவா?” என்று யாராவது கேட்டால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைச் சொல்லு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி வைத்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். உங்கள் வளவில் பூனையைப் புதைக்கிற இடத்தில் ஒரு கல்லை வைத்து, பூனையின் பெயரைத் தம்பியே தன் கோணல் எழுத்தில் எழுதட்டும். குழியை அப்பா ஆழமாக வெட்டவேண்டும். உங்கள் பக்கத்து மணல் நிலத்தை நரி சுலபமாகக் கிளறிவிடும்.

புதைத்த பத்தாம் நிமிடமே அவன் லெகோ விளையாடப் போகலாம். கல்நெஞ்சன் என்று நினைக்காதே. சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழுவார்கள். இரண்டு கிழமை கழித்து “பூனை எப்ப வரும்?” என்று மறுபடி கேட்பான். அதே பதிலை, அதே சொற்களில் சொல்லு. புதுப் பூனை பற்றிய பேச்சை இப்போது யாரும் எடுக்க வேண்டாம், அப்பாவிடமும் சொல்லிவை. பாலர் பாடசாலை ஆசிரியருக்கு நாளைக் காலையே அம்மா விஷயத்தைத் தெரிவிக்கட்டும். அவன் அங்கேயும் கேட்பான், அங்கேயும் இதே பதில் கிடைக்கவேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா