'நாடு முழுக்க' எண்டால் எதை எண்ணுறாங்கள்?



இந்தக் கிழமை எபிசோட்டில 5ஜி பற்றிக் கதைச்சோம். நேரம் காணாமல் விட்ட ஒரு விசயத்தை இங்க எழுதுறன். அரசாங்கம் ஒன்று "நாடு முழுக்க இணையம்" எண்டு சொல்லேக்க எதை எண்ணுது? வீட்டையா, ஆளையா, ஊரையா? மூன்றும் வேறு வேறு வாக்குறுதிகள். அதில ஒன்றை மட்டும்தான் நீங்கள் உரிமையாகக் கேட்டு வாங்கலாம்.

1. வீட்டை எண்ணுறது

சுவிஸ் தன்ர தொலைத்தொடர்புச் சந்தையை 1998 ஜனவரியில் எல்லாக் கம்பனிகளுக்கும் திறந்து விட்டது. லாபம் வாற இடத்துக்குத்தான் கம்பனி போகும். மலைப்பக்கம் தனியா நிற்கிற வீட்டுக்கு ஆர் கேபிள் இழுக்கிறது? அதுக்காகத்தான் சட்டத்தில 'குறுண்ட்ஃபெர்சோர்குங்', அதாவது அடிப்படைச் சேவை எண்டு ஒன்று இருக்கு.

2008இல் இதுக்குள்ள பிராட்பேண்டும் சேர்ந்தது. அப்ப குறைந்தபட்ச வேகம் வெறும் 600 கிலோபிட். 2015இல் 2 மெகாபிட், 2018இல் 3, 2020இல் 10 எண்டு ஏறி, 2024 ஜனவரியில் இருந்து 80 மெகாபிட் இறக்கம், 8 மெகாபிட் ஏற்றம். மாதம் அதிகபட்சம் 60 பிராங்க், வரி வேற. இதைக் கொடுக்கிற கடமை சுவிஸ்கொம்முக்கு இருக்கு.

இதில ஏற்ற வேகத்தைக் கவனியுங்கோ. 1 ஜிகாபைட் வீடியோவை 1 மெகாபிட் வேகத்தில அனுப்ப இரண்டு மணித்தியாலத்துக்கு மேல போகும். 8 மெகாபிட்டில 17 நிமிசம். வீட்டில இருந்து வேலை செய்யிற என்னைப் போன்ற ஒப்பந்தக்காரருக்கு அந்த வித்தியாசம் ஒரு வேலையை ஏற்கிறதா விடுறதா எண்டதைத் தீர்மானிக்கும்.

இரண்டு நிபந்தனை இருக்கு. வேறொரு கம்பனி உங்கட வீட்டுக்கு இதுக்கு ஈடான சேவையைத் தந்தால் இந்தக் கடமை பொருந்தாது. அடுத்தது, எந்தத் தொழில்நுட்பம் எண்டு சட்டம் சொல்லேல்ல. செப்புக் கம்பி, கண்ணாடி இழை, மொபைல், செயற்கைக்கோள் எதுவாகவும் இருக்கலாம்.

2. ஆளை எண்ணுறது

கையில கொண்டு திரியிற போனுக்கு 'எல்லா இடத்திலும் சிக்னல்' எண்ட உரிமை அடிப்படைச் சேவையில இல்லை. அது அலைவரிசை உரிமத்தோட வாற நிபந்தனை. 2019 பெப்ரவரியில் நடந்த ஏலத்தில சுவிஸ்கொம், சன்ரைஸ், சால்ட் மூன்றும் சேர்ந்து சுமார் 38 கோடி பிராங்க் கட்டின. 700 மெகாஹெர்ட்ஸ் எடுத்தவைக்கு விதிச்ச நிபந்தனை: 2024 முடிவுக்குள்ள மக்கள்தொகையில 50 வீதத்துக்குச் சேவை.

மக்கள்தொகையில, நிலப்பரப்பில இல்லை. சுவிஸ் மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்காரர் இருக்கிற மித்தெல்லாண்ட், நாட்டின்ர பரப்பில சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நகரங்களைப் பிடிச்சாலே நிபந்தனை நிறைவேறும். போட்டியால கம்பனிகள் அதைவிடக் கூடவே செய்திருக்கிறாங்கள். ஆனால் சட்டம் கேட்டது அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஆள் குடியிருக்கிற இடத்தைத்தான் பார்க்கும், அவர் நிற்கிற இடத்தை இல்லை. திரிம்பாக் மனோன்மணி அம்பாள் கோயிலில திருவிழா நாளை யோசிச்சுப் பாருங்கோ. நாட்டின்ர எல்லா மூலையில இருந்தும் சனம் வரும். ஒரு கோபுரத்தின்ர கொள்ளளவை எல்லாரும் பங்கு போட வேணும். போனில சிக்னல் கோடு நிறைஞ்சிருந்தாலும் வீடியோ போகாது. சிக்னல் இருக்கிறது வேற, கொள்ளளவு இருக்கிறது வேற.

3. ஊரை எண்ணுறது

மூன்றாவது வகை இங்க இல்லை, அதுக்கு இந்தியாவைப் பார்க்க வேணும். 2011இல் அனுமதி கிடைச்ச திட்டம் இப்ப 'பாரத்நெட்' எண்ட பெயரில ஓடுது. சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு போறது நோக்கம். தமிழ்நாட்டில டான்ஃபினெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கிற பொறுப்பை எடுத்தது.

இங்க எண்ணுற அலகு ஊராட்சி. இழை ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தால் அந்த ஊர் 'இணைக்கப்பட்டது'. அலுவலகத்தில இருந்து வீட்டு வாசலுக்கு வாற கடைசித் தூரம் வேறொரு வேலை, வேறொரு செலவு. சுவிஸ் வீட்டை எண்ணுறதால அந்தக் கடைசித் தூரம் சட்டத்துக்குள்ள இருக்கு. அதேநேரம் இந்தியாவின்ர தூரத்தையும் ஆள்தொகையையும் நினைச்சால், முதலில ஊர் வரைக்கும் போறது எண்ட முடிவு விளங்கும். ஆனால் "ஊர் முடிஞ்சுது" எண்டதை "வீடு முடிஞ்சுது" எண்டு வாசிக்கக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

எங்கட ஆக்கள் கனபேர் வாடகை வீட்டில. வாடகை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல், பாக்கோம் அலுவலகத்தின்ர பிராட்பேண்ட் வரைபடத்தில அந்த இடத்தைப் பாருங்கோ. ஏற்கனவே இருக்கிற வீடெண்டால் வைஃபையில அளக்காமல் கேபிள் குத்தி, பகலிலயும் இரவிலயும் அளந்து எழுதி வையுங்கோ. 80க்கும் 8க்கும் கீழ, வேற கம்பனியும் இல்லையெண்டால் சுவிஸ்கொம்முக்கு எழுத்தில கேளுங்கோ. கடிதத்தில 'குறுண்ட்ஃபெர்சோர்குங்' எண்ட சொல் கட்டாயம் இருக்க வேணும். சும்மா "இணையம் மெதுவா இருக்கு" எண்டு எழுதினால் அது சாதாரண முறைப்பாடு. அந்தச் சொல்லோட எழுதினால் அது சட்டப்படி வைக்கிற கோரிக்கை. பதில் சரிவராட்டி, ஓம்புட்ஸ்கோம் எண்ட சமரச அமைப்பு இருக்கு.

இனி "99 வீதம் கவரேஜ்" எண்டு எங்கயாவது கண்டால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: எதில 99 வீதம்?

அடுத்த கிழமை சந்திப்பம்.