வளர்ப்பு மீனில் மண்வாடை: காரணமும் காப்பும்

குளத்தில் மீன் வளர்க்கும் உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. மீன் நன்கு பருத்திருக்கிறது. செவுள் சிவந்து, கண் தெளிந்து, புதிதாகவே இருக்கிறது. ஆயினும் வாங்கிச் சென்றவர் மறுநாள் வந்து, "மீனில் சேற்று வாடை அடிக்கிறது" என்கிறார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் பெற்ற கடன் அப்படியே நிற்க, மீனின் விலை மட்டும் இறங்கிவிடுகிறது. இவ்விழப்பின் காரணத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இம்மாதப் பாடத்தில் காண்போம்.

சேறு காரணமன்று

மீன் சேற்றைத் தின்பதால் வாடை உண்டாகிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் சேற்றைக் கிளறி உண்ணாத மீன்களிலும் இவ்வாடை தோன்றுகிறது. பிரிட்டனில் சால்மன் மீன்களின் மண்வாடையை ஆராய்ந்த தைசன் என்னும் அறிஞர், ஆக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர் வகையே அதற்குக் காரணம் என்று 1936-ல் எடுத்துக்காட்டினார். 1965-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்பர், லெச்செவாலியர் ஆகிய இருவரும் அம்மணப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து, 'ஜியோஸ்மின்' எனப் பெயரிட்டனர். மண்ணின் மணம் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். கோடை மழை பெய்தவுடன் நிலத்திலிருந்து எழும் மணத்திலும், பீட்ரூட் கிழங்கின் மணத்திலும் உள்ள பொருள் இதுவே. மெத்தில் ஐசோபோர்னியால் என்ற மற்றொரு பொருளும் இதனைப் போன்றே மீனைக் கெடுக்கிறது.

இவற்றை உண்டாக்குவோர் இரு கூட்டத்தார். முதலாவது, ஈர மண்ணிலும் மக்கிய இலையிலும் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம். காச நோய்க்கு மருந்தாகும் ஸ்ட்ரெப்டோமைசினை நமக்கு அளித்ததும் இதே இனந்தான். இரண்டாவது, நீலப்பச்சைப் பாசி. பாசி என்று வழங்கினும், அது உண்மையில் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. தீவனமும் எருவும் மிகுந்து, நீர் தேங்கி, வெயில் கடுமையாகும்போது இது பெருகுகிறது.

மீனுக்குள் செல்லும் வழி

நுண்ணுயிர் நீரில் விடும் இப்பொருள், பெரும்பாலும் செவுள் வழியே மீனின் இரத்தத்தில் கலந்து, கொழுப்பில் தங்குகிறது. வாடை ஏறச் சில மணி நேரம் போதும். இறங்கவோ பல நாட்கள், சில வேளை வாரங்களும் ஆகும். கொழுப்பு மிகுந்த மீனிலும், குளிர்ந்த நீரிலும் இன்னும் தாமதமாகும்.

மனித மூக்கு இம்மணத்தை அறிவதில் மிகவும் கூர்மையானது. நூறு கோடி லிட்டர் நீரில் 10 கிராம் ஜியோஸ்மின் கலந்திருந்தாலே பலர் கண்டுகொள்வர். இந்த அளவில் உடலுக்குத் தீங்கு ஏதுமில்லை. ஆனால் உண்பவர் மனம் ஒப்புவதில்லை.

சோதிக்கும் முறை

நீரின் நிறத்தைப் பார்த்து இதனை முடிவு செய்ய இயலாது. பச்சைக் குளத்து மீன் நன்றாக இருப்பதும் உண்டு; தெளிந்த குளத்து மீன் கெட்டிருப்பதும் உண்டு. சுவைத்துப் பார்ப்பதே உறுதியான வழி.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கெளுத்தி மீன் வாங்கும் ஆலைகள் இதனை ஒழுங்காகச் செய்து வருகின்றன. வலை வீசுவதற்கு முன்பே மாதிரி மீனை உப்பின்றிச் சமைத்துச் சுவைப்பர். லாரி ஆலைக்கு வந்த பின்னும் ஒரு முறை சுவைப்பர். வாடை இருப்பின் மீன் குளத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

நம் சங்கங்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். அறுவடைக்கு இரு வாரம் முன்பும், முதல் நாளும், அன்று காலையும் சில மீன்களை எடுத்து, தோலுடன் துண்டாக்கி, உப்பும் மசாலாவும் எண்ணெயும் சேர்க்காமல், மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகவைக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து, பின் சுவைக்க வேண்டும். புளிக்குழம்பில் இட்டுச் சோதித்தல் தவறு. புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைத்து வாடையை மறைத்துவிடும். சுவைப்பவர் புகையிலை, வெற்றிலை போட்டவராகவோ அக்குளத்துக்கு உரியவராகவோ இருத்தல் ஆகாது. ஏறிய கடனை எண்ணும் நாக்கு, வாடையை எளிதில் ஒப்புக்கொள்ளாது.

வாடை கண்டால்

முதலாவது, வலை வீசாமல் பொறுத்திருக்க வேண்டும். பாசி மாறினால் வாடையும் நாளடைவில் இறங்கும். இரண்டாவது, தேய்த்துக் கழுவிய தொட்டியில் தூய நீரைத் தொடர்ந்து ஓடவிட்டு, தீவனம் இடாமல் மீனை அதில் வைத்திருக்கலாம். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உயிர்வளி குறைவாக இருக்குமாதலின், அதனைத் தெளித்து விழச் செய்தல் வேண்டும். மீனின் எடை சற்றுக் குறையும். எனினும், வாங்குவோரை இழப்பதைவிட இந்நட்டம் சிறிது.

மயில்துத்தம் இட்டுப் பாசியைக் கொல்வோரும் உளர். பாசி ஒருங்கே மடியுமாயின் நீரில் உயிர்வளி குன்றி மீன் செத்து மிதக்கும். பாசிக்குள் இருந்த வாடைப் பொருளும் நீரில் கலக்கும். உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்னீரில் துத்தமே மீனுக்கு நஞ்சாகும். மீன்வளத் துறையாரைக் கேளாமல் இதில் கை வைக்கலாகாது. தீவனத்தையும் எருவையும் அளவோடு இடுவது எல்லாவற்றினும் நல்ல காப்பு.

சங்கத்தின் கடமை

தனித்தொரு விவசாயி தூய நீர்த் தொட்டி கட்டுவது அரிது; சங்கம் பொதுவில் ஒன்று கட்டுதல் எளிது. நெசவாளர் சங்கத்தில் துணியை விரித்து, இழை எண்ணிப் பார்த்த பின்னரே முத்திரை இடுகிறோம். ஒருவர் நெய்த மட்டத் துணி எல்லார் பெயரையும் கெடுக்கும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்கிறோம். மீனுக்கும் அம்முறை வேண்டும். அறுவடையைத் தள்ளிவைக்கும் உறுப்பினருக்குக் கடன் தவணையையும் அதற்கேற்பத் தள்ளிவைக்க நிர்வாகக் குழு முன்வருதல் வேண்டும். அவ்வாதரவு இல்லையேல், வாடையை அறிந்தும் அவர் வலை வீசவே செய்வார்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் குளங்களில் ஒரு நாளைக்கு இடும் தீவனம் எவ்வளவு? மீன் தின்றது போக மிஞ்சுகிறதா?
2. சுவைத்துச் சோதிக்கும் பொறுப்பை எவரிடம் ஒப்படைக்கலாம்?
3. பொதுத் தொட்டிக்கு ஏற்ற இடமும் நீரும் நம் ஊரில் எங்குள்ளன?