அரபு நாட்டில் ஒரு பருவம்

பிறமொழி ஒன்றைக் கற்க விரும்புவோர்க்கு இரு வழிகள் உண்டு. தம் ஊரில் இருந்தபடியே ஆசிரியரையும் நூலையும் துணைக்கொண்டு கற்பது ஒரு வழி. அம்மொழி வழங்கும் நாட்டிற்கே சென்று, அந்நாட்டு மக்களோடு உண்டு, உறைந்து, உரையாடிக் கற்பது மற்றொரு வழி. முன்னது விதை, பின்னது மழை. விதையின்றி மழை பெய்தும் பயனில்லை. மழையின்றி விதை முளைப்பதும் இல்லை. மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் பலர், தம் பட்டப் படிப்பின் இடையே ஒரு பருவத்தை, அதாவது ஏறத்தாழ நான்கு திங்களை ஒதுக்கி, இவ்விரண்டாம் வழியை நாடுகின்றனர். காலையில் மொழிப்பாடம், பிற்பகலில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் பயிற்சிப் பணி. இவ்வாறு அரபு மொழி கற்கச் செல்வோர் அங்குப் பெறுவன யாவை? அவர்கள் அந்நாட்டிற்குத் தரவேண்டுவன யாவை? இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

அரபு மொழி இன்று ஏறத்தாழ 40 கோடி மக்களால் பேசப்படுகிறது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அஃது ஆட்சிமொழி. 1973ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அம்மொழியைக் கற்பதற்காக ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கமோ மிகப் பழமையானது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து இலக்கண அறிஞர்கள், கலப்பற்ற பேச்சைக் கேட்டறிய விரும்பிப் பாலைநிலத்து நாடோடி மக்களை நாடினர். அந்நூற்றாண்டில் பாரசீக நாட்டினின்றும் பஸ்ராவுக்கு வந்து பயின்றவர் சீபவைஹி என்பார். அரபு அவருக்குத் தாய்மொழி அன்று. எனினும், அரபு மொழியின் முதற்பெரும் இலக்கணத்தை எழுதும் பேறு அவருக்கே கிட்டியது. 'நூல்' என்று பொருள்படும் 'அல் கிதாப்' என்னும் பெயரால் அதனை இன்றும் போற்றுகின்றனர். வெளியிலிருந்து வருபவன் உற்றுக் கேட்கிறான். அவ்வூரார் எண்ணிப் பாராதவற்றையும் எண்ணிப் பார்க்கிறான். அந்நிலை கற்பவனுக்குக் குறையாகாது. சில வேளை அதுவே துணையாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய மாணவரை ஈர்த்த ஊர்கள் பல. பிரித்தானிய அரசு தன் அலுவலர்களுக்கு அரபு கற்பிக்க 1944இல் எருசலேமில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. அது 1947இல் லெபனான் மலைச் சிற்றூராகிய ஷெம்லானுக்கு மாறி, உள்நாட்டுப் போரின் காரணமாக 1978இல் மூடப்பட்டது. கெய்ரோவும் திமிஷ்கும் நெடுங்காலம் மாணவர்க்கு இல்லமாய் விளங்கின. 2011இல் சிரியாவில் போர் மூண்டதும், திமிஷ்கு நகரை நாடியோர் அங்குச் செல்ல இயலாராயினர். அவர்களுட் பலர் அண்டை நாடாகிய ஜோர்டானின் தலைநகரை நோக்கித் திரும்பினர். அந்நகரின் பெயர் அம்மான். நம் செவிக்கு அஃது ஓர் உறவுப்பெயராகவே ஒலிக்கும்.

அம்மான் குன்றுகளின்மேல் எழுந்த நகரம். இங்குள்ள கட்டடங்களிற் பெரும்பாலானவை வெண்சுண்ணக் கல்லால் முகப்பு வேயப்பெற்றவை. நகரின் நடுவே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமர் மலைச்சரிவைக் குடைந்து அமைத்த அரங்கம் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 6000 பேர் அமரத்தக்கது அது. இடையில் பல நூற்றாண்டுகள் பாழ்பட்டுக் கிடந்த இவ்விடத்தில் 1878இல் சர்க்காசியர் குடியேறினர். 1948இலும் 1967இலும் பாலத்தீனர் வந்தனர். 2003க்குப் பின் ஈராக்கியர் வந்தனர். 2011க்குப் பின் சிரியர் வந்தனர். அடைக்கலம் தேடி வந்தோரால் வளர்ந்த ஊர் இது எனலாம். ஆதலின், மொழி கற்க வரும் மாணவன் இங்குப் பல நாட்டு அரபினையும் ஒரே தெருவில் கேட்கிறான்.

இனி, மொழியின் இயல்பை நோக்குவோம். அரபு வலமிருந்து இடமாக எழுதப்படுவது. இருபத்தெட்டு எழுத்துகளை உடையது. தமிழில் அடிச்சொல் பெரும்பாலும் உருமாறாது நிற்க, அதன் இறுதியில் விகுதிகள் ஒட்டுகின்றன. அரபிலோ மூன்று மெய்கள் வேராக நிற்க, அவற்றின் இடையே உயிர்கள் மாறி மாறிப் புகுந்து புதுச் சொற்களை ஆக்குகின்றன. க், த், ப் என்னும் மூன்று மெய்கள் எழுதுதல் என்னும் பொருளைத் தாங்குவன. அவற்றினின்று கதப (எழுதினான்), காதிப் (எழுதுபவன்), கிதாப் (நூல்), மக்தப் (அலுவலகம்), மக்தபா (நூலகம்), மக்தூப் (எழுதப்பட்டது) என ஒரு குடும்பமே பிறக்கிறது. அகராதிகள் பலவற்றில் சொற்கள் வேர்வரிசையிலேயே அமைக்கப்பட்டுள்ளன. வேரைக் காணத் தெரியாதவன் கையில் அகராதி இருந்தும் சொல்லைக் காணான்.

குற்றுயிர்களை எழுத்தில் காட்டாது விடுவது இம்மொழியின் வழக்கம். கதப (எழுதினான்), குதிப (எழுதப்பட்டது), குதுப் (நூல்கள்) ஆகிய மூன்றும் ஒரே மூன்றெழுத்தால் எழுதப்படும். முன்பின் உள்ள சொற்களை நோக்கியே எது பொருந்தும் எனத் துணிதல் வேண்டும். ஆகவே, அரபினைப் படித்துப் பொருள் அறிவதற்கு மாறாக, பொருள் அறிந்தே படிக்க வேண்டியிருக்கிறது. ஒலிகளும் எளியன அல்ல. நாவின் அடியால் ஒலிக்கும் ககரத்தோடு 'கல்ப்' என்றால் நெஞ்சு; அதற்குச் சற்று முன்னே தோன்றும் ககரத்தோடு 'கல்ப்' என்றால் நாய். "என் நெஞ்சே" என விளிக்க விரும்புபவன் நாவை இடம் தவறி வைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்! நம் ழகரத்திற்காக அயலார் படும் பாட்டை உணர்ந்த நாம், இவ்விடர்ப்பாட்டைக் கண்டு நகைக்க மாட்டோம்.

இவற்றினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நூலும் நாளிதழும் வானொலிச் செய்தியும் 'புஸ்ஹா' என்னும் செவ்விய அரபில் அமைந்தவை. வீட்டிலும் சந்தையிலும் வழங்குவது 'ஆம்மிய்யா' என்னும் பேச்சு வழக்கு. 'என்ன' என்பதற்கு நூலில் 'மாதா' என்பர். அம்மானில் 'ஷூ' என்பர். மொரோக்கோவில் 'ஷ்னூ' என்பர். நூலரபை மட்டும் கற்றுச் சந்தைக்குச் செல்பவன், கோயம்பேட்டுக் காய்கடையில் நின்று "ஐய, இவ்வெண்டைக்காயின் விலை யாது?" என வினவுபவனை ஒப்பான். கடைக்காரர் மகிழ்வார், ஆனால் அவர் தரும் விடை இவனுக்கு விளங்காது. பேச்சு வழக்கை மட்டும் கற்றவனோ, ஒரு விண்ணப்பத்தையும் எழுத மாட்டான். எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையே நாள்தோறும் சென்றுவரும் தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதிதன்று.

மேலும் சில ஒற்றுமைகள் நமக்கு வியப்பளிக்கும். தந்தையுடன் பிறந்தவரையும் தாயுடன் பிறந்தவரையும் அரபு மக்கள் நம்மைப் போலவே வேறு வேறு பெயரால் அழைப்பர். தந்தையின் உடன்பிறந்தான் 'அம்மு'. தாயின் உடன்பிறந்தான் 'கால்'. அறிமுகமற்ற முதியவரையும் 'அம்மோ' என்று உறவு கூறி விளித்தல் அங்கும் மரபு. பாரசீகம், உருது ஆகியவற்றின் வாயிலாக நம் நாட்டு அலுவலகங்களில் புகுந்த வக்கீல், அசல், நகல், பாக்கி, வசூல், மகசூல் முதலியன அரபு வேரின. நம் நீதிமன்றத்து 'ஆஜர்' என்னும் சொல்லும் அவ்வாறே. நம் புளியை அவர்கள் 'தமர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்கின்றனர். நோன்புத் திங்களில் அதனைக் கரைத்துச் செய்த குளிர்பானத்தை விரும்பிப் பருகுகின்றனர்.

மாணவருட் சிலர் ஓர் இல்லத்தாரோடு தங்குவர். அங்கு அவர்கள் முதலில் கற்பது தண்ணீரின் அருமை. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 500 கன மீட்டருக்குக் குறைவாக நீர்வளம் உள்ள நாட்டைக் கடும் பற்றாக்குறை உள்ள நாடு என்பர். ஜோர்டானில் அவ்வளவு 100 கன மீட்டரையும் எட்டுவதில்லை. அம்மானின் பல பகுதிகளில் குழாய்நீர் வாரம் ஒருமுறையே வரும். அதனைக் கூரைமேல் தொட்டிகளில் நிரப்பி, அடுத்த முறை வரும்வரை அளந்து செலவிடுவர். விருந்தினன் நெடுநேரம் நீராடினால் வீட்டார் வாய் திறவார். ஆனால் வார இறுதியில் அவர்களது சமையலறையில் நீர் இராது. விருந்தோம்பலில் சிறந்த மக்களிடையே வாழ்பவன், அவர்கள் கூறாது விட்டதையும் அறிந்து நடத்தல் வேண்டும். காப்பிக் கிண்ணம் நிரம்பிக்கொண்டே வந்தால், அதனை மெல்ல அசைத்துக் காட்டினாலே 'போதும்' என்று பொருளாம். 'இன்ஷா அல்லாஹ்' என்பது சில வேளை உறுதிமொழியாகும். சில வேளை மனம் நோகாமல் மறுக்கும் மொழியுமாகும். இவற்றை எந்த வகுப்பறையும் முற்றக் கற்பிக்க இயலாது.

பிற்பகற் பணியைப் பற்றி இனிக் கூறுவோம். சிரியாவினின்றும் ஜோர்டானில் அடைக்கலம் புகுந்து, ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்துகொண்டோர் தொகை ஒரு காலத்தில் ஆறு இலட்சத்தைக் கடந்தது. 2012 ஜூலையில் தொடங்கிய சாத்தரி முகாம் ஒரு நகரம் போல் வளர்ந்தது. எனினும், பெரும்பாலோர் முகாம்களுக்கு வெளியே நகரங்களிலேயே வாழ்ந்தனர். அரசுப் பள்ளிகள் பலவற்றில் காலையில் ஜோர்டானியச் சிறுவரும் பிற்பகலில் சிரியச் சிறுவரும் என இருவேளை வகுப்புகள் நடத்தப்பெற்றன. 2024 டிசம்பரில் சிரியாவில் ஆட்சி மாறிய பின்னர்ப் பலர் தாயகம் திரும்பலாயினர். இத்தகைய மக்களுக்கு உதவும் நிறுவனங்களில் பயிற்சி பெற மாணவர் விரும்புதல் இயல்பே. ஆயின், விருப்பம் வேறு, தகுதி வேறு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தமிழில் ஒருமை, பன்மை என எண் இரண்டே. அரபிலோ இருமை என்னும் மூன்றாவதும் உண்டு. மாத்திரை ஒன்றாயின் 'ஹப்பா'. இரண்டாயின் பேச்சு வழக்கில் 'ஹப்த்தேன்'. ஒரு மருந்தகத்தில், அரைகுறை அரபு கற்ற மாணவன் மொழிபெயர்க்க முன்வருகிறான் எனக் கொள்வோம். நோயுற்ற குழந்தையின் தாய், "இரண்டு கொடுத்தேன்" என்கிறாள். இவன் சொல்லின் ஈற்றைச் செவிமடுக்காமல், "ஒன்று கொடுத்தாளாம்" என்று மருத்துவரிடம் உரைத்தால் விளைவு யாது? வகுப்பில் அப்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும். மருந்தகத்தில் குறைவது மதிப்பெண்ணாக இராது. ஆகவே, "எனக்கு இது தெரியாது, தெரிந்தவரை அழையுங்கள்" என்னும் தொடரையே பயிற்சிக்குச் செல்பவன் முதலில் பிழையறக் கற்றல் வேண்டும்.

சிறுவர்க்குக் கற்பிக்கச் செல்வோரும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டையும் தோழரையும் இழந்து வந்த குழந்தை, புதிதாக வந்த அண்ணனிடமோ அக்காளிடமோ அன்பு கொள்கிறது. பன்னிரண்டு வாரம் கழிந்ததும் அவ்வன்புக்குரியவர் விமானம் ஏறி விடுகின்றனர். அடுத்த பருவத்தில் வேறொருவர் வருகின்றார். குழந்தைக்கோ ஒவ்வொரு பருவமும் ஒரு பிரிவு. இதனால்தான் பொறுப்புள்ள நிறுவனங்கள், நிலையாக இருக்கும் உள்ளூர் ஆசிரியரையே வகுப்பின் தலைமையில் வைத்து, வருவோரை அவருக்குத் துணையாக அமர்த்துகின்றன. ஆங்கிலத்தில் மடல் வரைதல், கணக்கைச் சரிபார்த்தல், பாடப்பொருள் தொகுத்தல் போன்ற பணிகள் புகழ் தருவன அல்ல. ஆயினும் பயன் தருவன.

ஒரு பருவத்தில் அரபு முழுதும் வந்துவிடுமா? அமெரிக்க அரசின் அயலுறவுப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் அறிந்த ஒருவர் அரபில் பணிக்கு ஏற்ற தேர்ச்சி பெற ஏறத்தாழ 2200 வகுப்பு மணி வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளது. வாரத்திற்கு 20 மணியாகப் பதினைந்து வாரம் பயின்றால் கிடைப்பது 300 மணி. அஃது ஏழில் ஒரு பங்கையும் எட்டாது. இக்கணக்கை அறிந்து செல்பவன் செருக்குறான், சோர்வும் அடையான். அவன் பெறுவது மொழியின் வாயில் திறந்த நிலை. உட்புகுந்து நடப்பது, ஊர் திரும்பிய பின் அவன் நாள்தோறும் செய்யும் முயற்சியைப் பொறுத்தது.

மாணவர்களே! வேற்று நாடு சென்று கற்பவன் அந்நாட்டு மக்களின் பொழுதையும் பொறுமையையும் கடனாகப் பெறுகிறான். பிழைபட்ட தன் சொல்லைத் திருத்திய கடைக்காரர், மும்முறை கேட்டும் முகம் சுளியாது விடை கூறிய மூதாட்டி, தம் தண்ணீரைப் பகிர்ந்துகொண்ட இல்லத்தார் ஆகிய அனைவரும் அவனுக்கு ஆசிரியர்களே. அக்கடனை அவர்களிடமே திருப்பித் தருதல் பெரும்பாலும் இயலாது. ஆனால், நம் ஊர்த் தெருவிலும் வடநாட்டுத் தொழிலாளர் ஒருவர் தட்டுத் தடுமாறித் தமிழில் வழி கேட்டு நிற்பதுண்டு. அவரை நகையாது, விரையாது, சொல்லை மெல்லத் திருத்தி, வழியும் காட்டி அனுப்புங்கள். அம்மான் நகரத்து மூதாட்டி செய்ததும் அதுவே.