கட்டத்தில் 17.8, உள்ளே 17

2021 ரெகுலேஷன் ஓஓபி பேப்பரில் 5ஆவது யூனிட் ஜாவாஎஃப்எக்ஸ். செக்பாக்ஸ், ரேடியோ பட்டன், மெனு எல்லாம் படிச்சுடறோம். பட்டனை அமுக்கினா ஒரு வேலை நடக்கிற மாதிரி எழுதவும் வந்துடுது. ஆனா மினி ப்ராஜெக்ட்னு உட்கார்ந்தா முதல்ல இடிக்கிறது வேற ஒண்ணு. திரையில தெரியிற டெக்ஸ்ட் ஃபீல்டும் புரோகிராமுக்குள்ள இருக்கிற ஆப்ஜெக்ட்டும் எப்பவும் ஒரே மதிப்பைச் சொல்லணும். அதைச் செய்யறதுதான் பைண்டிங். யூனிட்ல அதுக்குப் பெரிசா இடம் இல்லை, அதனால இங்க பார்த்துடுவோம்.

உதாரணத்துக்கு தா.பழூர் பக்கம் போவோம். அரியலூர்னா எல்லாருக்கும் சிமெண்ட்தான் ஞாபகம் வரும். கொள்ளிடத்தை ஒட்டின இந்த வட்டாரம் நெல் பூமி. அறுவடை முடிஞ்சா நேரடி கொள்முதல் நிலையத்துக்கு மூட்டைகள் வரும். மூட்டைக்கு 40 கிலோ. 2025-26 சீசனுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். அதாவது பொது ரகத்தில் ஒரு மூட்டை சரியா 1,000 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் விதி. மழை வருஷங்களில் தளர்வு கேட்கிறது தனிக் கதை. நிலையத்தில் நிஜமா ஓடுற மென்பொருளைப் பத்தி நான் பேசலை. இதே வேலைக்கு நீங்க ஒரு படிவம் எழுதறீங்கன்னு வச்சுக்கோங்க: டோக்கன் எண், பெயர், மூட்டை, ஈரப்பதம், தொகை.

பைண்டிங் இல்லாம எழுதினா, பட்டனை அமுக்கும்போது கட்டத்தில் இருக்கிற எழுத்தை கெட்டெக்ஸ்ட் மூலமா எடுத்து, எண்ணா மாத்தி, பெருக்கி, செட்டெக்ஸ்ட் மூலமா தொகையைக் காட்டுவீங்க. 65 மூட்டைன்னு போட்டு 65,000 வந்தாச்சு. அப்புறம், "தம்பி, 65 இல்லப்பா, 56"னு ஒருத்தர் சொல்றார். மூட்டையைத் திருத்தறீங்க, பட்டனை மறுபடி அமுக்கலை. திரையில 56 மூட்டை, பக்கத்துல 65,000. கம்பைலரும் வாயைத் திறக்காது, ரன்டைமும் திறக்காது.

ஜாவாஎஃப்எக்ஸ் இதுக்குத் தர்ற கருவி ப்ராப்பர்ட்டி. சாதாரண இன்ட்டுக்குப் பதிலா இன்டிஜர்ப்ராப்பர்ட்டி, ஸ்ட்ரிங்குக்குப் பதிலா ஸ்ட்ரிங்ப்ராப்பர்ட்டி. மதிப்பு மாறினா தன்னைக் கவனிச்சுட்டு இருக்கிறவங்களுக்கு அதுவே சொல்லிடும். தொகை லேபிளை மூட்டை, விலை ரெண்டோட பெருக்கலுக்கு பைண்ட் பண்ணிட்டா, 65-ஐ 56 ஆக்கின அந்த நொடியே 56,000 வந்துடும். கணக்கு பட்டன்னு ஒண்ணே வேண்டாம்.

சாதாரண பைண்ட் ஒருவழிப் பாதை. கணக்குப் போட்டுக் காட்டற லேபிளுக்கு அது போதும். அதையே டெக்ஸ்ட் ஃபீல்டுக்குப் போட்டீங்கன்னா கட்டத்துல டைப் பண்ண முடியாது. கோடுல செட்டெக்ஸ்ட் கூப்பிட்டா, பைண்ட் ஆன மதிப்பை மாத்த முடியாதுன்னு எக்ஸெப்ஷன் வரும். டைப் பண்ற கட்டத்துக்கு பைண்ட்பைடைரக்‌ஷனல்தான், இருவழி. படிக்க வசதியா தமிழ் எழுத்துலயே எழுதினா:

பெயர்க்கட்டம்.டெக்ஸ்ட்ப்ராப்பர்ட்டி().பைண்ட்பைடைரக்‌ஷனல்(டோக்கன்.பெயர்ப்ராப்பர்ட்டி())

இருவழிதானே, யாரு முன்னாடி இருந்தா என்னன்னு தோணும். அப்படி இல்லை. கட்டின உடனே இடப்பக்கம் இருக்கிறது வலப்பக்கத்தோட மதிப்பை வாங்கிக்கும். மேலே இருக்கிற வரியில டோக்கன்ல உள்ள பெயர் கட்டத்துக்கு வரும், சரி. திருப்பி எழுதினீங்கன்னா காலிக் கட்டம் போய் டோக்கன்ல இருந்த பெயரைத் துடைச்சுடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே படிவத்தில் பல பேரைக் காட்டும்போது. இடது பக்கம் டோக்கன் பட்டியல், கிளிக் பண்ணா வலது பக்கம் விவரம். நம்ம ப்ராஜெக்ட்ல பாதிக்கு மேல இந்த அமைப்புதான். டோக்கன் 1 கிளிக்: கட்டம் அதோட கட்டப்படுது, 65 மூட்டை. டோக்கன் 2 கிளிக்: கட்டம் அதோடயும் கட்டப்படுது, 56 மூட்டை. பழைய கட்டை நீங்க அவிழ்க்கலை. கட்டத்துக்கு 56 வந்ததும், டோக்கன் 1 இன்னும் அதே கட்டத்தைக் கவனிச்சுட்டுதான் இருக்கு. அதுவும் 56 ஆயிடும். மூணாவது டோக்கன்ல 40 இருந்தா, முதல் ரெண்டும் 40. சும்மா பார்க்கலாம்னு வரிசையா கிளிக் பண்ணிட்டே போனா, கிளிக் வாங்கின எல்லா விவசாயிக்கும் கடைசி ஆளோட மூட்டைக் கணக்கு. முதல் டோக்கன்காரருக்கு 25,000 ரூபாய் போச்சு. அவர் கையில இருக்கிற எடைச் சீட்டு ஒண்ணு சொல்லும், உங்க புரோகிராம் இன்னொண்ணு சொல்லும்.

மருந்து சின்னதுதான். பட்டியலோட லிசனர் பழைய டோக்கன், புதிய டோக்கன் ரெண்டையும் கையில தரும். பழையது நல் இல்லைன்னா அன்பைண்ட்பைடைரக்‌ஷனல், அப்புறம்தான் புதியதோட பைண்ட். ஒருவழி பைண்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. புதுசா கட்டினா பழசு தானா விட்டுடும்.

அடுத்தது எண். கட்டத்தில் இருக்கிறது எழுத்து, ஆப்ஜெக்ட்ல இருக்கிறது எண். நடுவுல நம்பர்ஸ்ட்ரிங்கன்வெர்ட்டர் போடலாம்னு எங்க தேடினாலும் சொல்லுவாங்க. அது ரொம்பத் தாராள மனசுக்காரர். 50 அடிக்கப் போய் 5-உம் ஆங்கில எழுத்து ஓ-வும் அடிச்சுட்டீங்கன்னா, புரியற வரைக்கும் படிச்சு 5-ஐ எடுத்துக்கும், மீதியை விட்டுடும். கட்டத்துல பார்க்க 50 மாதிரியே இருக்கும், உள்ளே 5. முழுக்க எழுத்தா அடிச்சா கன்சோல்ல ஒரு எச்சரிக்கை, உள்ளே 0. ஈரப்பதத்தை இன்டிஜர்ப்ராப்பர்ட்டியா வச்சீங்கன்னா இன்னும் மோசம்: 17.8 அடிச்சா உள்ளே போறது 17. திரையில 17.8ன்னு தெரியும், 17-க்கு மேல இருந்தா நிறுத்துன்னு நீங்க எழுதின இஃப் அதை விட்டுடும்.

இந்தக் கட்டங்களுக்கு டெக்ஸ்ட்ஃபார்மேட்டர் போடுங்க, கூட டபுள்ஸ்ட்ரிங்கன்வெர்ட்டர். ஆப்ஜெக்ட்ல ஈரப்பதம் டபுள் தாங்கற ஆப்ஜெக்ட்ப்ராப்பர்ட்டியா இருக்கட்டும். ஃபார்மேட்டரோட வேல்யூப்ராப்பர்ட்டியை அதோட இருவழியா கட்டுங்க. தப்பா அடிச்சா கட்டம் கடைசியா சரியா இருந்த மதிப்புக்கே திரும்பிடும். காலியா விட்டா நல், 0 இல்லை. அளக்கவே இல்லைங்கிறதும் ஈரப்பதம் 0 என்பதும் ஒண்ணு இல்லையே.

ஒரு விஷயம் மட்டும் மாறும். இதுவரைக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆப்ஜெக்ட் மாறிட்டு இருந்தது. ஃபார்மேட்டர் வந்ததும் என்டர் தட்டினாலோ வேற கட்டத்துக்குப் போனாலோதான் மாறும். மைக்ரோசாஃப்ட்டோட டபிள்யூபிஎஃப்-ல டெக்ஸ்ட்பாக்ஸுக்கு இயல்பாவே இப்படித்தான், ஃபோகஸ் போனாதான் மதிப்பு உள்ளே போகும். தொகை 5,000-க்குப் போய் 56,000-க்குத் தாவுற கூத்து இதனால நிக்கும். ஆனா கடைசிக் கட்டத்துல டைப் பண்ணிட்டு, அங்கிருந்தே கன்ட்ரோல்-எஸ் அடிச்சு சேமிச்சா, அந்தக் கட்டத்தோட பழைய மதிப்புதான் சேமிப்பாகும். அதனால சேமிக்கிற மெத்தட்ல முதல் வேலையா ஃபோகஸ்ல இருக்கிற கட்டத்துக்கு கமிட்வேல்யூ கூப்பிடுங்க.

ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு முன்னாடி சோதிக்க மூணு டோக்கன் போதும். மூணுலயும் வேற வேற மூட்டை எண்ணிக்கை போட்டு, மேலேர்ந்து கீழே, கீழேர்ந்து மேலே கிளிக் பண்ணுங்க. ஒண்ணுல ஈரப்பதம் 17.8 அடிச்சு, கட்டத்தை விட்டு நகராம கன்ட்ரோல்-எஸ். அப்புறம் திரையைப் பார்க்காம, சேமிச்ச ஃபைலைத் திறந்து பாருங்க.