அணுகுண்டும் அயலுறவும்: எந்தப் பிரிவைத் தேர்வது?

பட்டப்படிப்புக்குப் பின் சர்வதேச உறவுகள் பயில விரும்புவோர்க்கு எதிர்ப்படும் முதற்கேள்வி, எப்பிரிவில் சிறப்புத் தேர்ச்சி பெறுவது என்பதாகும். இப்படிப்பு கலைப்பாட மாணவர்க்கே உரியது என்று நம் கல்லூரியில் பலர் எண்ணுகின்றனர். இயற்பியல் மாணவனாகிய நான் அக்கருத்தை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் நாட்டில் இத்துறைக்கென 1955-இல் டில்லியில் தனிக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. 1970-இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அங்கு முதுகலைக்கு அறிவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். அங்குள்ள மையங்களின் பெயர்களைப் பார்த்தாலே இரு வழிகள் புலப்படும். மேற்காசியா, கிழக்காசியா, ரஷ்யா என வட்டாரத்தைக் கொண்டு அமைந்தவை ஒரு வகை. சட்டம், வாணிபம், ஆயுதக் குறைப்பு எனப் பொருளைக் கொண்டு அமைந்தவை மற்றொரு வகை. அமெரிக்காவில் 1933-இல் தோன்றிய பிளெட்சர் கல்லூரியிலும் இவ்விரு வழிகளும் உண்டு.

வட்டாரத்தைத் தேர்பவர் அதன் மொழியைக் கற்றாக வேண்டும். சீனமோ அரபியோ செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். குடும்பத்தில் முதற்பட்டதாரியாக வருபவனுக்கு ஆண்டுகள் என்பது சிறிய செலவன்று. "பி.எஸ்ஸி. முடித்து பி.எட். சேர்ந்துவிடப்பா" என்று என் தந்தையார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே, கையிலுள்ள படிப்பையே முதலாகப் போடக்கூடிய பிரிவு எது என்று தேடினேன். ஆயுதக் குறைப்பு என்பதே எனக்குக் கிடைத்த விடை.

1996-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட முழுமையான அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாடு பூமிக்கடியில் இரகசியமாகக் குண்டு வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் குறுக்கலைகள் வலுவாக எழும். வெடிப்போ எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தள்ளுவதால் நெட்டலைகளே மேலோங்கும். நாம் முதலாண்டில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே அலைகள்தாம்! அதிர்வு, கடலொலி, தாழொலி, கதிரியக்கம் ஆகியவற்றைக் கண்காணிக்க உலகெங்கும் 337 நிலையங்களும் ஆய்வகங்களும் திட்டமிடப்பட்டன.

வடகொரியா 2006 அக்டோபரில் தன் முதற்சோதனையை நடத்தியபோது, சுமார் இரு வாரங்களுக்குப் பின் கனடாவின் எல்லோநைப் நிலையத்தில் செனான்-133 பிடிபட்டது. செனான் மந்த வாயு. எதனோடும் எளிதில் சேராது. பாறை இடுக்குகள் வழியே கசிந்து காற்றில் கலந்துவிடும். அதன் அரை ஆயுள் ஐந்தேகால் நாள்தான். இரு வாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும் என்பதை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். அத்துணை சிறிய அளவு, கடல் கடந்து வந்து சாட்சி சொல்லியிருக்கிறது!

ஆனால் கருவிகள் சொல்லாத செய்தியும் உண்டு. இவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வர, பெயர் குறிப்பிடப்பட்ட 44 நாடுகளின் ஏற்புறுதி தேவை; அது இன்னும் கிட்டவில்லை. இந்தியா கையெழுத்திடவே இல்லை. அணு ஆயுதங்களை அறவே ஒழிக்கக் காலக்கெடு இல்லை என்பதும், தன் இசைவின்றித் தன்னை நிபந்தனைப் பட்டியலில் சேர்த்தது இறையாண்மைக்கு முரண் என்பதும் 1996-இல் நம் நாடு கூறிய காரணங்கள். ரஷ்யாவோ 2000-இல் ஏற்புறுதி அளித்து, 2023-இல் அதைத் திரும்பப் பெற்றது. இதன் காரணத்தை எந்த அதிர்வுமானியும் வரைந்து காட்டாது. வரலாறு படித்தவரிடம்தான் கேட்க வேண்டும். நம் கல்லூரியில் வரலாற்றுத் துறை இயற்பியல் கூடத்துக்கு அடுத்த கட்டடம்தான், போய்வரத் தடையேதுமில்லை.

எனவே ஆயுதக் குறைப்பு முதன்மைப் பாடம், ரஷ்யா துணைப் பாடம் என்பது என் முடிவு. மொழியைப் பட்டம் பெறும்வரை தள்ளிவைக்காமல் இப்போதே சிறிது சிறிதாகக் கற்கலாம் என்று தோன்றுகிறது. ரஷ்ய எழுத்துகள் முப்பத்து மூன்று. இதுவரை பத்தொன்பது எழுதப் பழகியுள்ளேன்.